ஒரே தோட்டா, இரண்டு வேகம்: .38 ஸ்பெஷல் ரீலோடுகளைக் குரோனோகிராஃபில் சோதித்த கதை

துப்பாக்கி சுடும் போட்டியில், குண்டின் வேகத்தைக் குரோனோகிராஃப் கருவியால் அளந்து பார்க்கும் குரோனோ மேசையில் என் தோட்டாக்கள் தோற்றபோது முதலில் வந்தது குழப்பம்தான். வீட்டில் பார்த்துப் பார்த்துத் தயாரித்தவை அவை. .38 ஸ்பெஷல், 158 கிரெய்ன் (சுமார் பத்து கிராம்) ஈயக் குண்டு, ஆறு அங்குலக் குழல் உள்ள ரிவால்வர். என் சொந்தக் குரோனோகிராஃபில் சராசரி விநாடிக்கு 812 அடி வந்திருந்தது. அந்தப் போட்டியில் மைனர் என்ற குறைந்த வலுப் பிரிவுக்குத் தேவையான பவர் ஃபேக்டர் 125. குண்டின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வேகத்தை விநாடிக்கு அடியில் எடுத்து, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்த எண் வரும். 158 பெருக்கல் 812, ஆயிரத்தால் வகுக்க 128.3. போதும் என்று நினைத்தேன்.

அங்கே ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டை நிறுத்தார்கள், 157.8 கிரெய்ன். மூன்று சுட்டார்கள்: 768, 761, 774. பவர் ஃபேக்டர் 121. விதிப்படி இன்னும் மூன்று சுட்டு, ஆறில் வேகமான மூன்றை எடுத்துக் கணக்குப் போட்டும் 122-ஐத் தாண்டவில்லை. போட்டியைச் சுட்டு முடிக்கலாம், ஆனால் மதிப்பெண் கணக்கில் வராது. சரி, சுட்டு முடித்தேன். மனம் மட்டும் அந்த 45 அடி வித்தியாசத்திலேயே இருந்தது. 812 எங்கே, 767 எங்கே?

அதைக் கண்டுபிடிக்க மூன்று வார இறுதிகள் ஆயின. சொந்தமாகத் தோட்டா தயாரிப்பவர்களுக்கு, குறிப்பாக ரிவால்வர் ஆட்களுக்கு, இது உதவும் என்பதால் முழுதாக எழுதுகிறேன். தோட்டா தயாரிக்கச் சட்டப்படி அனுமதியும் உரிமமும் உள்ளவர்களுக்கான விஷயம் இது. வெடிமருந்தின் பெயரையும் எடையையும் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் கையேட்டில், உங்கள் குண்டுக்கு, உங்கள் கூட்டுக்கு (மருந்தை அடைக்கும் உலோக உறைக்கு) என்ன போட்டிருக்கிறதோ அதுதான். இன்னொருவர் துப்பாக்கியில் சரியாக இருந்த அளவு உங்கள் துப்பாக்கியில் சரியாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முதல் சந்தேகம் என் குரோனோகிராஃப் மேல். பழைய வகை, இரண்டு ஒளி உணரிகள் இரண்டடி இடைவெளியில் இருக்கும். குண்டின் நிழல் முதல் உணரியைக் கடக்கும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கும். 812 அடி வேகத்தில் அந்த இரண்டடியைக் கடக்கக் குண்டுக்கு ஆவது இரண்டரை மில்லி விநாடிக்கும் குறைவு. கடிகாரம் அநேகமாகத் தப்புப் பண்ணாது, அது குவார்ட்ஸ். தப்பு வருவது நாம் வைக்கும் விதத்தில். மடித்து எடுத்துப்போகும் கருவி என்பதால் கீல் முழுசாக விரியாமல் உணரிகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் அளவு ஒன்றேகால் அடிக்கு மேல் ஏறிவிடும். கருவி குண்டின் பாதைக்கு ஐந்து டிகிரி சாய்ந்திருந்தால் குண்டு கடக்கும் தூரம் கூடி, மூன்றடி குறைத்துக் காட்டும். பேட்டரி தளர்ந்தால் என்ன காட்டும் என்றே சொல்ல முடியாது, அதனால் ஒவ்வொரு முறையும் புது ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டுவிடுகிறேன்.

ரிவால்வர்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நம் குண்டு ஒலியைவிட மெதுவாகப் போகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1125 அடி. அதாவது, குழல் வாயிலிருந்து கிளம்பும் வெடியதிர்ச்சி குண்டுக்கு முன்னாலேயே உணரிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கருவியைக் கிட்டத்தில் வைத்தால் அந்த அதிர்ச்சியே உணரியைத் தூண்டிவிடலாம். ஆரம்ப நாட்களில் இரண்டு மீட்டருக்குள் வைத்துச் சுட்டபோது எனக்கு நடுநடுவே 1120, 1131 என்று வந்தது, என் தோட்டாதான் அப்படிப் பாய்கிறதோ என்று பயந்து அன்றைக்கு நிறுத்திவிட்டேன். பிறகுதான் விளங்கியது, அது ஒலியின் வேகம். இப்போது குழல் வாயிலிருந்து நாலு மீட்டருக்குக் குறைவாக வைப்பதில்லை. எரியாத மருந்துத் துகள்களும் அந்தத் தூரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெளிச்சமும் படுத்தும். மெல்லிய மேகம் மூடிய வானம்தான் இதற்கு நல்லது. நேர்வெயிலில் பளபளக்கும் குண்டின் அடிப்பக்கம் ஒளியைத் திருப்பி அடித்து உணரியை ஏமாற்றும். அப்படிப்பட்ட நாட்களில் கருப்பு மார்க்கரால் குண்டின் மூக்கைப் பூசிவிடுவேன், அபத்தமாகத் தெரிந்தாலும் வேலை செய்கிறது. உள்ளரங்கில் டியூப் லைட்டின் துடிப்பும் இதே தொல்லையைத் தரும், அங்கே கருவிக்கென்று தனி ஒளி வேண்டும்.

இதெல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. ஆனாலும் என் கருவியே 45 அடி கூட்டிக் காட்டுகிறதோ என்ற சந்தேகம் போகவில்லை. நண்பரிடம் ரேடார் வகைக் குரோனோகிராஃப் இருந்தது. குண்டிலிருந்து திரும்பும் அலையை வைத்து டாப்ளர் முறையில் வேகத்தைச் சொல்லும் கருவி, அதற்கு வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. அதைத் துப்பாக்கிக்குப் பக்கத்திலும் என்னுடையதை நாலு மீட்டர் தள்ளியும் வைத்து, ஒரே குண்டை இரண்டும் அளக்கும்படி இருபது சுட்டேன். என்னுடையது ஒவ்வொரு முறையும் இரண்டு முதல் நாலு அடி குறைவாகக் காட்டியது. அந்தத் தூரத்தில் காற்று பிடுங்கும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கருவி மேல் குற்றம் இல்லை.

இரண்டாவது, மருந்தின் எடை. மீந்திருந்த அதே தொகுதியிலிருந்து ஐந்து தோட்டாக்களைச் சுத்தியல் வகைப் புல்லரால் தட்டிப் பிரித்து, தராசைச் சோதனை எடைக்கல்லால் சரிபார்த்து, மருந்தை நிறுத்தேன். ஐந்தும் ஒன்றுக்கொன்று 0.1 கிரெய்னுக்குள். ஒரு கிரெய்ன் என்பதே 64.8 மில்லிகிராம், அதில் பத்தில் ஒரு பங்கு. இதுவும் குற்றவாளி இல்லை.

மூன்றாவது, குளிர். போட்டி நடந்த காலை குளிராக இருந்தது, பெட்டி இரவெல்லாம் வண்டியில் கிடந்தது. ஆறு தோட்டாக்களை ஈரம் புகாத பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்து ஐந்து டிகிரிக்குக் கொண்டுவந்தேன். 30 டிகிரியில் இருந்த ஆறோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஏழடி. கொஞ்சம் பங்கு இருக்கலாம், ஆனால் 45-ல் ஏழு எந்த மூலைக்கு?

அப்புறம் நோட்டை எடுத்துப் புரட்டினேன். இங்கேதான் என் தப்பு இருந்தது. வீட்டுச் சோதனையில் ஆறு ஆறாக நாலு சுற்று, மொத்தம் 24 தோட்டா சுட்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றின் முதல் எண்ணும் இப்படி: 768, 775, 759, 770. மற்ற இருபதும் 800-க்கு மேல். அந்த நாலையும் நான் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "குழல் சூடாகவில்லை" என்று எழுதி, சராசரியில் சேர்க்காமல் விட்டிருந்தேன். குழல் சூடாகாதது காரணம் என்றால் முதல் சுற்றில்தானே அது நடக்க வேண்டும், நாலாவது சுற்றின் முதல் குண்டு ஏன் மெதுவாகப் போகிறது? அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பிடிக்காத எண்ணை அடித்துவிட்டு, அதற்கு வசதியான ஒரு காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறேன். போட்டியில் வந்த மூன்று எண்களும் அடிக்கப்பட்ட இந்த நாலு எண்களின் கூட்டம்தான்.

முதல் தோட்டாவுக்கும் மற்ற ஐந்துக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபடி, சுடாமல், வெறும் துப்பாக்கியோடு நான் செய்யும் ஒவ்வொரு அசைவையும் மறுபடி செய்து பார்த்தேன். சிலிண்டரைத் திறந்து, குழல் தரையைப் பார்க்க, தோட்டாக்களைப் போடுகிறேன். மூடுகிறேன். மெதுவாகக் கிடைநிலைக்குத் தூக்கி முதல் குண்டைச் சுடுகிறேன். பிறகு எண்ணை நோட்டில் எழுத வேண்டும், அதனால் விரலை விசையிலிருந்து எடுத்து, பிடியின் அடிப்பாகத்தை மேசையில் ஊன்றி, முன்பக்கத்தை மணல் பைமேல் சாய்த்து வைக்கிறேன். குழல் இலக்கு மேட்டைப் பார்த்தபடி மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. எழுதி முடித்துத் திரும்ப எடுத்துச் சுடுகிறேன்.

முதல் குண்டுக்குக் குழல் கீழிருந்து மேலே வருகிறது. மற்ற ஐந்துக்கும் மேலிருந்து கீழே வருகிறது. அவ்வளவுதான்.

.38 ஸ்பெஷல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த தோட்டா. அந்தக் காலத்துக் கரிமருந்தைக் கொள்ளும் அளவுக்குக் கூடு நீளம். இன்றைய புகையில்லா மருந்தில், அதுவும் நான் பயன்படுத்திய மாதிரி அடர்த்தியான, வேகமாக எரியும் வகையில், குண்டுக்குக் கீழே இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மருந்து நிரப்புகிறது. மிச்சம் வெற்றிடம். குழலைக் கீழே தாழ்த்தினால் மருந்து குண்டுப் பக்கம் போய் ஒதுங்கும். மேலே தூக்கினால் பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பக்கம் வந்து குவியும். பிரைமரின் தீ நேராக மருந்துக் குவியலில் போய் விழுந்தால் எரிதல் சட்டென்று தொடங்கி அழுத்தம் வேகமாக ஏறும். மருந்து முன்னால் இருந்தால் தீ காலி இடத்தைத் தாண்டிப் போய்ப் பரவலாகப் பற்றவைக்க வேண்டும், அழுத்தம் மந்தமாக ஏறும். மருந்து அதே, எடை அதே, வேகம் வேறு. இதை எப்போதோ படித்ததுண்டு. ஆனால் 5, 10 அடி விஷயம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

மூன்றாவது வார இறுதியில் அதை மட்டும் சோதித்தேன். ரேஞ்ச் பொறுப்பாளரிடம் முன்கூட்டிச் சொல்லி, எந்த நிலையிலும் குழல் இலக்கு மேட்டுக்கு வெளியே போகாத கோணத்தில், ஒரு முறைக்கு ஒரே தோட்டாவாகப் போட்டு. முதலில் குழலை மேல்நோக்கிச் சாய்த்து, மெதுவாகக் கிடைநிலைக்கு இறக்கிச் சுட்ட பத்து:

809, 818, 811, 822, 805, 814, 816, 808, 820, 812.

சராசரி 813.5. வீச்சு (மிக வேகத்துக்கும் மிக மெதுவுக்கும் உள்ள வித்தியாசம்) 17. திட்ட விலக்கம் 5.5. பவர் ஃபேக்டர் 128.5.

அடுத்து, குழலைத் தாழ்த்தி, மெதுவாகக் கிடைநிலைக்குத் தூக்கிச் சுட்ட பத்து:

752, 771, 760, 779, 748, 766, 774, 757, 769, 763.

சராசரி 763.9. வீச்சு 31. திட்ட விலக்கம் 9.8. பவர் ஃபேக்டர் 120.7.

ஐம்பது அடி! ஒரே பெட்டித் தோட்டா, ஒரே துப்பாக்கி, ஒரே மணி நேரம். இரண்டாம் வரிசையின் மிக வேகமான குண்டுகூட முதல் வரிசையின் மிக மெதுவான குண்டைத் தொடவில்லை. இதற்கு மேல் புள்ளிவிவரச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. போட்டிக் குரோனோ மேசையில் சுட்டவர் ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே திரையைப் பார்க்கத் துப்பாக்கியை முன்பக்கமாகத் தாழ்த்தினார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. உண்மையில் போட்டியில் நாமும் உறையிலிருந்து உருவித்தான் சுடுகிறோம், உறையில் குழல் கீழே பார்த்துத்தான் இருக்கிறது. அவருடைய எண்தான் நிஜ எண். என்னுடையது மேசை எண்.

ஆசைக்கு ஒரு சுற்று நடுவில் தாழ்த்தாமல் ஆறையும் வேகமாகச் சுட்டேன்: 766, 781, 790, 786, 793, 788. முதல் குண்டு மந்தம், பிறகு பின்னுதைப்பில் மருந்து உள்ளே கலைந்து இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. நான் அடித்துவிட்ட "முதல் எண்" இதுவேதான்.

சரி, என்ன செய்வது? கையிலிருக்கும் மருந்தையே கொஞ்சம் கூட்டினால் தாழ்ந்த நிலையிலும் 125 வரும் என்று தோன்றும். நான் அதைச் செய்யவில்லை. மந்தமான நிலையை உயர்த்த நான் சேர்க்கும் மருந்து, மருந்து பின்னால் குவியும் நிலையிலும் அங்கேதான் இருக்கும், அங்கே அழுத்தம் ஏற்கனவே அதிகம். .38 ஸ்பெஷலுக்கு சாமி (SAAMI, தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) தரம் வைத்திருக்கும் உச்ச சராசரி அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), இது தாழ்வழுத்தத் தோட்டா. நம்மிடம் அழுத்தத்தை அளக்கும் கருவி கிடையாது, குரோனோகிராஃப் வேகத்தை மட்டுமே சொல்லும். கையேட்டின் உச்சத்தை ஒரு நிலையில் தாண்டி இன்னொரு நிலையைச் சரிக்கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. குண்டை ஆழமாக அழுத்தி வெற்றிடத்தைக் குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், கையேட்டில் அந்தக் குண்டுக்குக் கொடுத்த நீளத்தை மாற்றினால் அழுத்தமும் மாறும், அதனால் அதையும் தொடவில்லை.

மருந்தையே மாற்றினேன். அதே கையேட்டில், அதே குண்டுக்கு, தொடக்க அளவும் உச்ச அளவும் கொடுத்திருக்கும் இன்னொரு மருந்து, பஞ்சு மாதிரி லேசானது, அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். கூட்டில் குண்டுக்குக் கீழே பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது, நகர இடம் குறைவு. இதில் வந்த இன்னொரு நன்மையைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய மருந்தில் தவறி இரண்டு முறை ஊற்றினாலும் கூடு அமைதியாக வாங்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. ஒவ்வொரு கூட்டையும் டார்ச் அடித்துப் பார்த்துத்தான் குண்டு வைப்பேன், இப்போதும் அப்படித்தான், ஆனால் புது மருந்தில் இரட்டை அளவு வாயைத் தாண்டிக் கொட்டிவிடும். அந்த ஒரு காரணத்துக்கே மாற்றியிருக்கலாம்.

கையேட்டின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, படிக்குப் பத்து தோட்டா, அதில் ஐந்து குழல் மேலிருந்து, ஐந்து குழல் கீழிருந்து. தொடக்க அளவில் சத்தம் மெல்லியதாக இருந்த ஒரு குண்டுக்குக் குரோனோ எதுவும் காட்டவில்லை. உடனே நிறுத்தி, சிலிண்டரைக் காலி செய்து, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தேன். குழல் காலி, குண்டு போய்விட்டது, உணரிதான் தவறவிட்டிருக்கிறது. ஆனாலும் மெல்லிய சத்தமும் வெற்றுத் திரையும் சேர்ந்து வந்தால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. குழலில் சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்று போனால் துப்பாக்கியும் கையும் போகும்.

நடுப்படியில் மேலிருந்து 806, கீழிருந்து 792. வித்தியாசம் ஐம்பதிலிருந்து பதினாலுக்கு இறங்கிவிட்டது. ஆனால் 792 என்றால் பவர் ஃபேக்டர் 125.1, நூலிழை. மூன்றே குண்டுகளின் சராசரியை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. திட்ட விலக்கம் 8 என்றால் மூன்று குண்டு சராசரியின் தடுமாற்றம் எட்டை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தது, ஏறக்குறைய 4.6 அடி. அதைப் போல் இரண்டு மடங்கு, ஒன்பது அடி, ஒதுக்க வேண்டும். குளிருக்கு ஏழு. என் ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் அழுக்கு சேர்ந்து வேகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன், அதற்குக் கொஞ்சம். எல்லாம் கூட்டினால் 130-ஐக் குறிவைப்பதுதான் நிம்மதி. அடுத்த படி, கையேட்டின் உச்சத்துக்கு இன்னும் கீழேயே: மேலிருந்து 838, கீழிருந்து 824. குறைந்த நிலையில் 130.2. அங்கே நிறுத்திக்கொண்டேன்.

இந்த வேலையின் நடுவே பெஞ்சமின் ராபின்ஸ் அடிக்கடி நினைவுக்கு வந்தார். 1742-ல் அவர் வெளியிட்ட பீரங்கிக்கலை நூலில் ஊசல் முறை வருகிறது: தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஆடியது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுவது. கட்டையை ஆட்டுவது குண்டின் எடையும் வேகமும் பெருக்கிய உந்தம். நம் பவர் ஃபேக்டரும் அதுவே, அலகு மட்டும் வேறு. மின்சாரமும் உணரியும் இல்லாத காலத்தில் ஒருவர் அதை நேரடியாகவே அளந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

இப்போது நோட்டில் எந்த எண்ணையும் அடிப்பதில்லை. சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன், எண் இருக்கும், சராசரியிலும் இருக்கும். தோட்டாப் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் மருந்தின் தொகுதி எண், எடை, நீளம், வெப்பம் இவற்றோடு இரண்டு வேகங்கள் எழுதுகிறேன். கடைசிப் பெட்டியின் சீட்டு: "குழல் கீழ் 824, குழல் மேல் 838, 28 டிகிரி, கருவி 4 மீட்டரில்." அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துப்போனதைத்தான் அடுத்த போட்டியின் குரோனோ மேசையில் கொடுத்தேன். 821, 829, 818.

குண்டை நிறுத்தபோது 158.1 கிரெய்ன். 130.1 என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள்.